வீரசோழபுரத்தாருக்கு வாய்த்த வாஷிங்டன் பேறு

கலைகளுக்குத் தாயும் தந்தையுமாகி, கதியற்ற தெய்வங்களுக்கு மாளிகை தந்து, ஏழுலகும் புகழ விளங்கும் வாஷிங்டன் மாநகரத்து ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகத்தாரை எத்தனை வாழ்த்தினாலும் தகும். அவர்கள் கடைக்கண் பட்டிராவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டத்து வீரசோழபுரம் சிவன் கோயிலில் சுந்தரமூர்த்தி நாயனாரும் பரவை நாச்சியாரும் இன்றும் எண்ணெய் விளக்குப் புகையில் அல்லவா உழன்றுகொண்டிருப்பார்கள்!

16ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனிகள். கோயில் வழக்கம் என்ற பெயரில் இத்தகைய அருங்கலைக்கு நம் ஊரார் இழைக்கும் கொடுமை கொஞ்சமா? பாலை ஊற்றுவார்கள், சந்தனம் அப்புவார்கள், பட்டைச் சுற்றி வார்ப்பின் அழகையெல்லாம் மறைப்பார்கள், தோளில் தூக்கித் தெருத்தெருவாக அலைக்கழிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட எதிரே நின்று தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுவாள். கலை விமர்சனத்தில் அவளுக்கு என்ன தேர்ச்சி?

இந்த அவலத்துக்கு முடிவு கட்டத்தான் 1987இல் மாநகரத்தின் நடுநாயகமான நேஷனல் மால் திடலில் அவர்களது சாக்லர் கலைக்கூடம் திறந்தது. தெய்வங்களுக்கு வெயில் ஆகாது என்று தெரிந்தோ என்னவோ, கட்டடத்தின் பெரும்பகுதியைப் பூமிக்கு அடியிலேயே அமைத்தார்கள். வள்ளல் ஆர்தர் சாக்லர் அள்ளி வழங்கிய 1,000 பொருட்களில் எங்கள் நாயனாரும் நாச்சியாரும் அடக்கம். கர்ணனெல்லாம் அவர் முன்னே எந்த மூலைக்கு? கர்ணன் தன்னுடையதைத்தானே கொடுத்தான்!

இடம் மாற்றும் வித்தை நாயனாருக்கும் தெரியும். கல்வராயன் மலையில் பிறந்து வரும் மணிமுத்தாற்றில் பொன்னை இட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்தவர் அவர். ஆனால் அவரையே வீரசோழபுரத்தில் எடுத்து வாஷிங்டனில் இட்ட வித்தகர்களுக்கு முன் அந்த அற்புதம் எம்மாத்திரம்?

நாயனார் பிறந்த திருநாவலூரும் எங்கள் மாவட்டம்தான். அவர் கல்யாணத்தன்று ஒரு முதியவர் ஓலையோடு வந்து 'இவன் எனக்கு அடிமை' என்றபோது, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் எவ்வளவு அநாகரிகமாக நடந்துகொண்டார்கள்! மூல ஓலை எங்கே என்றார்கள். பாட்டன் கையெழுத்து ஒத்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வந்தவர் சிவபெருமான் என்றும் பாராமல் ஆவணம் கேட்ட பட்டிக்காட்டுச் சபை அது. வாஷிங்டன் சபையாரோ பண்பின் சிகரம். வாசலுக்கு வந்த விருந்தாளியை 'எப்படி வந்தாய்?' என்று கேட்டு முகம் வாடச் செய்வார்களா? 36 ஆண்டுகள் பொறுமை காத்து, விருந்தாளி எங்கிருந்து வந்தார் என்பதை 2023இல்தான் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். 1956இல் வீரசோழபுரம் கோயிலிலேயே எடுத்த புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்ததாம். இத்தனை காலம் அதைத் தேடிப் போகாத பெருந்தன்மையை என்னென்பது!

நாயனார் தனியாகவும் தவிக்கவில்லை. மன்னார்குடி வட்டத்து ஆலத்தூர் சோமாஸ்கந்தர் அதே கொடையில் வந்து சேர்ந்தார். திருத்துறைப்பூண்டி வட்டத்து நடராசரை 2002இல் நியூயார்க் காட்சிக்கூடம் ஒன்றிடமிருந்து முறைப்படி விலை கொடுத்து வாங்கினார்கள். விற்றவர்கள் தந்த தாள்களில் போலிகள் இருந்தன என்று பின்னாளில் அருங்காட்சியகத்தாரே திருவாய் மலர்ந்தார்கள். இப்படியொரு குழுக் காட்சியை எங்கள் மூன்று ஊராரும் கூடி எத்தனை பிறவி எடுத்தாலும் நடத்தியிருக்க முடியுமா?

2026 ஜனவரியில் மூன்று ஊர்த் திருமேனிகளையும் திருப்பித் தருவதாக அறிவித்த தயாளத்தை நினைத்தால் கண் கலங்குகிறது. அதிலும் நடராசரை மட்டும் இந்திய அரசின் இசைவோடு நீண்டகாலக் கடனாக அங்கேயே வைத்துக்கொள்வார்களாம், அவர் வந்த கதையைப் பார்வையாளருக்கு விளக்குவதற்காக. களவின் வரலாற்றைக் களவு போனவரையே நிறுத்திவைத்துப் பாடம் நடத்தும் நேர்மை வேறு யாருக்கு வரும்?

வரவேற்பில் நம் அரசாங்கமும் இளைத்ததன்று. பரவையார் பிறந்த திருவாரூரிலேயே உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையம் ஒன்று ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஊர் ஊராக இருந்து வந்த திருமேனிகள் அங்கே பூவும் கூட்டமும் தொல்லை செய்யாமல் பூட்டுக்குள் சுகமாக வீற்றிருக்கின்றன. வாஷிங்டனிலாவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். இங்கே அந்தச் சிரமமும் இல்லை.