சாமி கையை இறக்கட்டும்

சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பூசை வைத்த காலத்தில் அவர் என்ன சொல்கிறார் என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவில்லையே என்று யாரும் வருத்தப்பட்டதாகவும் நினைவில்லை. அவர் பாட்டுக்கு லத்தீனில் முணுமுணுப்பார். உபதேசியார் பாட்டுக்குத் தமிழில் செபம் சொல்லுவார். முக்காட்டுக்குள் பெண்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். எழுந்தேற்ற மணி அடித்ததும் மூன்று கட்சியும் ஒரே நொடியில் தலை கவிழும். அந்த மணி என் கையில் இருந்தது. சின்ன வயதிலேயே ஊரைக் குனியவைக்கும் அதிகாரம் கிடைத்தவனுக்கு அப்புறம் எந்தப் பதவியும் பெரிதாகத் தெரிவதில்லை.

பீடச்சிறுவன் வேலை லேசானதில்லை. சிரட்டைக் கரியை ஊதிக் கனியவைத்துத் தூபக் கலசத்தில் போட வேண்டும். பூசைப் புத்தகத்தைத் தாங்கியோடு தூக்கிக்கொண்டு வலப்பக்கப் படியில் இறங்கி, நடுவில் ஒரு கால் மண்டியிட்டு, இடப்பக்கப் படியில் ஏறி வைக்க வேண்டும். தூக்கினால் புத்தகம் முகத்தை மறைத்துவிடும். படி எங்கே என்று காலுக்குத்தான் தெரியும். தடுக்கி விழுந்த பையன்கள் உண்டு. புத்தகத்தை விடாமல் விழுந்தவனுக்குப் பையன்களிடையே தனி மரியாதை.

லத்தீன் மறுமொழிகளைக் காதால் கேட்டே பாடம் பண்ணினோம். அதில் ‘சுஷிப்பியாத்’ என்றொரு செபம், காணிக்கை முடிந்ததும் பையன்கள் சொல்ல வேண்டியது. உலகம் முழுக்கப் பீடச்சிறுவர்களை வாட்டிய செபம் அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். முதல் சொல்லைக் கணீரென்று எடுப்போம், நடுவில் உதட்டை மட்டும் அசைப்போம், கடைசிச் சொல்லை மறுபடி கணீரென்று வைப்போம். அர்த்தம் கேட்ட பையனை உபதேசியார் ஏற இறங்கப் பார்த்தார். “ஒனக்காலே சொல்லுத? ஆண்டவருக்குத்தான சொல்லுத? அவருக்குத் தெரியும்” என்றார். இறையியல் படித்தவர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதென்றால் நள்ளிரவு முதல் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது பழைய சட்டம். 1953-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் தண்ணீர் குடிக்கலாம் என்றார்; 1957-இல் மூன்று மணி நேர உபவாசம் போதும் என்றார். இரண்டு அறிவிப்பும் எங்கள் ஆச்சி வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. வாய் கொப்பளித்த தண்ணீரை விழுங்கினேனா என்று தொண்டையைத் தடவிப் பார்த்துத்தான் கோவிலுக்கு அனுப்புவாள். 1964-இல் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. அதுவும் பூசைக்கு முன்னால் இல்லை, நன்மை வாங்குவதற்கு முன்னால். எங்கள் பங்கில் இப்போதைய பிரசங்க நீளத்தைக் கணக்கில் எடுத்தால், கோவிலுக்கு எதிர்க்கடையில் வடை தின்று காபியும் குடித்துவிட்டு உள்ளே போகலாம், சட்டம் மீறியதாகாது. பசியோடு போன நாளில் வாங்கியது இன்னதென்று வயிற்றுக்கே தெரிந்தது. அதை எந்தப் பிரசங்கமும் எனக்கு விளக்கித் தந்ததில்லை.

பிறகு ரோமிலிருந்து காற்று திசை மாறியது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைச் சீர்திருத்தும் ஏட்டை நிறைவேற்றியது. ஆதரவு 2,147, எதிர்ப்பு 4. ஆச்சியைக் கேட்டிருந்தால் எதிர்ப்பு 5 ஆகியிருக்கும். பூசை தமிழுக்கு வந்தது, பீடத்தை முன்னால் நகர்த்தினார்கள், சாமியார் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். நன்மை வாங்க வரிசையாக முழங்காலிட்ட கிராதியைக் கழற்றிப் பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு வேலியாக்கினார்கள். தமிழில் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம், அதை மறைப்பதற்கில்லை. ஆச்சிதான் முனகினாள்: “இத்தன நாளு சாமி நம்மளக் கூட்டிக்கிட்டு ஆண்டவரப் பாத்து நின்னாரு. இப்ப அவரு நம்மளப் பாக்காரு, நாம அவரப் பாக்கோம். ஆண்டவர யாரு பாக்கது?”

அதோடு விடவில்லை. 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டபடி ரோம் பன்னிரண்டு அம்சங்களுக்கு இசைவு தந்தது: தரையில் அமரலாம், பாதணியைக் கழற்றலாம், கைகூப்பி வணங்கலாம், எண்ணெய் விளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம், இப்படி. பெங்களூரில் அமலோற்பவதாஸ் அடிகளாரின் வழிபாட்டு மையத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து எங்களுக்கு வகுப்பெடுத்தார். பெஞ்சே இல்லாத கோவிலில் காலங்காலமாகத் தரையில் உட்கார்ந்தவர்கள், பாதிப் பேர் செருப்பே போடாதவர்கள், தரையில் உட்காரவும் செருப்பைக் கழற்றவும் ரோமாபுரி அனுமதித்த செய்தியைப் பயபக்தியோடு கேட்டோம்.

இந்த ஆரத்திக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, காவி கட்டிச் சந்தனம் பூசி, மனம் மாறியவர்கள் பூணூலையும் குடுமியையும் விட வேண்டியதில்லை என்றார். ரோம் 1623-இல் சரி என்றது. 1744-இல், அந்த வழியில் வளர்ந்த பல வழக்கங்களைக் கூடாது என்றது. 1969-இல் ஆரத்தித் தட்டோடு திரும்பி வந்தது. குத்துவிளக்கைச் சுற்றி ஆரத்தி நடந்த முதல் ஞாயிறு ஆச்சி சாமியாரையே நிறுத்திக் கேட்டாள்: “எங்க தாத்தன் காலத்துல நாங்க விட்டுட்டு வந்தத, நீங்க பெறக்கிட்டு வாறீயளா?”

பழைய ஒழுங்கை நினைத்து உருகுகிறவர்களுக்கு வடக்கன்குளத்தையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே கோவிலே இரண்டு கிளையாக எழும்பி, சாதிக்கொரு பக்கமாக நடுவில் சுவர் நின்றது. 1910-இல்தான் அதை இடித்தார்கள், ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மணி அடித்ததும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நொடியில்தான் முழங்காலிட்டிருப்பார்கள். நான் மெச்சிக்கொள்ளும் அந்த ஒருமிப்பு சுவரை ஒன்றும் செய்யவில்லை.

இப்போது எங்கள் பங்கில் எல்லாம் விளங்குகிறது. விளங்காமல் தப்பிக்க வழியில்லை. பூசை தொடங்குமுன் ஒருவர் மைக்கைத் தட்டிப் பார்த்து முன்னுரை வாசிப்பார். ஒவ்வொரு வாசகத்துக்கும் தனித்தனி முன்னுரை. காணிக்கைப் பவனியில் பிள்ளைகள் பொருள்களைக் கொண்டுவருவார்கள், அவற்றுக்கும் விளக்கம். போன மாணவர் ஞாயிறன்று ஒரு கால்குலேட்டர் பீடத்துக்குப் போனது. “இறைவா, எங்கள் வாழ்வின் கூட்டலையும் கழித்தலையும் உம்மிடம் ஒப்படைக்கிறோம்” என்றார் வாசித்த அக்கா. பெருக்கலும் வகுத்தலும் எங்களிடமே தங்கிவிட்டன. அப்பமும் ரசமும் ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் பின்னால் வந்தன. பாவம், அவற்றை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் நன்றியுரை, பொன்னாடை, கைத்தட்டல். பொன்னாடை போர்த்தும் வரிசை எந்தப் பூசைப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் முதலில் யார், பிறகு யார் என்று ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. சடங்கை ஒழித்துவிட்டோம் என்று யாராவது சொன்னால் அந்த வரிசையை ஒரு தடவை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பா இறந்த இரவு எனக்கு அழுகை வரவில்லை, செபமும் வரவில்லை. உபதேசியாரின் மகன் வந்தார்; அப்போது அவர்தான் உபதேசியார். ஒன்றும் கேட்காமல் பாயை விரித்து உட்கார்ந்து பிரார்த்தனையைத் தொடங்கினார். ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் “வேண்டிக்கொள்ளும்” என்று என் வாய் தானாகப் பதில் சொல்லிற்று. மனசு எங்கோ சவப்பெட்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை எண்ணிக்கொண்டிருந்தது. புனிதர் பட்டியல் பாதி தாண்டியபோதுதான் மனசு வாயை எட்டிப் பிடித்தது. உனக்கு என்ன தோன்றுகிறது என்று அந்தப் பட்டியல் என்னைக் கேட்கவில்லை, அதுதான் அது செய்த உபகாரம். சமீபத்தில் ஒரு அடக்கப் பூசையில், இறந்தவரின் மகனிடம் மைக்கை நீட்டி மனதில் உள்ளதைச் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பையன் நின்ற நிற்பை என்னால் பார்க்க முடியவில்லை.

2020-இல் கொரோனாவுக்காகக் கோவில் கதவுகளைச் சாத்தினார்கள். அந்த வருசம் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கை விட்டுவிடச் சொல்லி ரோமே உத்தரவு போட்டது. எங்கள் வீட்டில் அக்கா மகன் தன் போனை ஸ்டூலில் சாய்த்து, நேரலைப் பூசை போட்டுக்கொடுத்தான். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த என் பெரியம்மா, அவனுக்கு ஆச்சி, குளித்துவந்து, வெளுத்த சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு, ஸ்டூல் முன் முழங்காலிட்டாள். நாற்காலி கொடுத்தும் மறுத்துவிட்டாள். எழுந்தேற்றத்துக்குச் சற்று முன் நகைக்கடை விளம்பரம் குறுக்கிட்டது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு பொறுத்தாள். பூசை திரும்பி வந்தது, சாமியார் அப்பத்தை உயர்த்தினார், நெட் போய்விட்டது. திரையில் அவர் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

“நெட் வராது ஆச்சி, எழும்புங்க. முட்டு வலிக்கும்லா.”

“சாமி கைய எறக்கட்டும்ல. அவருக்கு மட்டும் கை வலிக்காதா?”

அந்த அக்கா மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அந்த முடக்க காலத்திலேயே வெளிநாட்டு லத்தீன் பூசைக் காணொளிகளில் விழுந்தவன், இன்னும் எழவில்லை. 1962-ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகம் தோல் அட்டையோடு வரவழைத்திருக்கிறான். 2007-இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் பழைய பூசைக்குத் தாராளமாக வழிவிட்டதையும், 2021-இல் பிரான்சிஸ் அதை இறுக்கியதையும் கட்சித் தாவல் மாதிரி சூடாகப் பேசுவான். ஊருக்கு வந்தால் எங்கள் கீபோர்டையும் கைத்தட்டலையும் கண்டு முகம் சுளிப்பான். சுஷிப்பியாத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவனுக்குப் பொருள் தெரியும், இலக்கணம் தெரியும். ஒருநாள் நான் அதைச் சொல்லிக் காட்டினேன், எங்கள் பழைய வேகத்தில். பையன் அதிர்ந்துபோனான்.

“மாமா, பாதி வார்த்தைதான் இருக்கு.”

“பூசை முழுசா நடந்துச்சே” என்றேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த பெரியம்மா இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். லத்தீன் பூசை திரும்பி வரப்போவதாக அவளுக்கு விளங்கியிருக்கிறது. அவனைக் கிட்டே கூப்பிட்டாள்.

“ஏல ராசா, நெசமாவே வந்துருமா?”

“சில எடத்துல நடக்கு ஆச்சி. ஒங்களுக்கும் அதுதான புடிக்கும்? அந்த மௌனம், அந்த மறைபொருள்…”

“வந்தாச் சொல்லு. எடையில யாரும் மைக்குல பேச மாட்டான். ஒரு பூசைக்குள்ள செபமால அம்பத்திமூணு மணியையும் சொல்லி முடிச்சிரலாம்லா.”