ஒன்பதாயிரம் வரி

தடை செய்த புத்தகம் என்றால் நீங்கள் நினைக்கிற புத்தகம் இல்லை. விடுதியில் நாங்கள் கைமாற்றிப் படித்தது யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு நிரல். மொத்தமே சுமார் 9,000 வரி. ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் 1977-இல் தம் மாணவர்களுக்காக அதற்கு உரை எழுதினார். 1979-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, நிரலை வகுப்பில் நடத்தக்கூடாது என்று யுனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டி உரிமத்திலேயே போட்டுவிட்டது. போதாதா? ஊரூராக ஜெராக்ஸ் ஓடியது.

எங்கள் கைக்கு வந்தது நகலின் நகலின் நகல். காற்புள்ளியா, அரைப்புள்ளியா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவேண்டும். அந்த நிரல் ஓடும் பிடிபி-11 கணினி எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. கல்லூரியில் இருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய்த் தரிசிக்கவேண்டிய டாஸ் பிசி. ஆகவே இயங்குதளத்தைக் கணினியே இல்லாமல் படித்தோம். ரெஜிஸ்டர்களைப் பென்சிலால் வரைந்து, மதிப்பை எழுதி, அழித்து, மறுபடி எழுதி. 2238-ஆம் வரியில் சிக்கினோம். புராசஸ் மாறும் இடம் அது. உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது வேறொன்று. இது உங்களுக்குப் புரியவேண்டியதில்லை என்கிற பாவனையில் பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு.

1996-இல் அந்த உரை முறைப்படி அச்சாகிக் கடைக்கு வந்தது. எங்கள் கோஷ்டியில் ஒருவரும் வாங்கவில்லை.

இப்போது லினக்ஸ் கெர்னல் கோடிக்கணக்கான வரி. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். தடை இல்லை, அதனால் கூட்டமும் இல்லை.

அக்கா மகன் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறான். எம்ஐடியின் எக்ஸ்வி6 பாடத்தை பஸ்ஸில் இரட்டை வேகத்தில் பார்க்கிறான். அதே ஆறாம் பதிப்பைப் பார்த்து ரிஸ்க்-வி சில்லுக்கு எழுதியதுதான் அது. புராசஸ் மாறும் இடத்தைத் திறந்து காட்டினான். பழையதன் 14 ரெஜிஸ்டர்களை நினைவகத்தில் வை, புதியதன் 14-ஐ எடுத்துப் போடு, திரும்பு. திரும்பவேண்டிய முகவரியும் அந்த 14-இல் ஒன்று என்பதால், போய் இறங்குவது வேறொருவன் வீட்டில். அவ்வளவுதான்.

“இதுக்கா மாமா பென்சில் வெச்சு அழிச்சிட்டிருந்தீங்க?” என்றான். பிறகு, “இது செமஸ்டர்ல வருமா?”

2238-ஆம் வரியின் குறிப்புக்கு, யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பிற்பாடு தந்த விளக்கமும் அதுதான்: பரீட்சையில் வராது என்ற அர்த்தத்தில் எழுதினார்களாம். அங்கே என்ன நடக்கிறதென்று அப்போது தங்களுக்கே புரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

மருமகனிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.