மலையில் ஓடுபவருக்கு யார் துணை?

கே: என் தோழி சிக்கமகளூருக்குப் போய் மலநாடு அல்ட்ரா என்ற நெடுந்தூர மலை ஓட்டத்தில் ஓடப் போகிறாள். எனக்கோ பி.எம்.டி.சி. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட வராது. நான் துணைக்குப் போய் என்ன பயன்? – அல்சூர் வாசகி

ப: பெரும் பயன். பல மணி நேரம் ஏறி இறங்கியவருக்குக் காலோடு சேர்ந்து புத்தியும் களைத்துவிடும். கடைசியாக எப்போது சாப்பிட்டோம், எவ்வளவு குடித்தோம் என்பதே மறந்துபோகும். அந்தக் கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஓடட்டும், யோசிப்பது உங்கள் பொறுப்பு. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

கே: ஆள் வைத்துக்கொண்டு ஓடினால் அது சாதனையா? – விவேக் நகர் வாசகர்

ப: சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 1932-இல் பாப் கிரகாம் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் தொட்டுத் திரும்பினார். நண்பர்கள் மாறி மாறிக் கூட ஓடினார்கள். இன்றும் அவர் பெயரிலுள்ள சங்கத்தில் சேர, ஒவ்வொரு சிகரத்திலும் கூட ஒருவர் நின்று சாட்சி சொல்ல வேண்டும். துணை இல்லாவிட்டால் அங்கே சாதனையே பதிவாகாது! ஆனால் எல்லாப் போட்டிக்கும் ஒரே விதி கிடையாது. எங்கே உதவலாம், கூட ஓடலாமா என்பதை முன்பே படித்துவிடுங்கள்.

கே: ஸ்டேடியத்தில் துணை நிற்பதற்கும் மலையில் நிற்பதற்கும் என்ன வித்தியாசம்? – ஸ்ரீராம்புரம் வாசகர்

ப: 2022 ஜூலையில் நம் கண்டீரவா ஸ்டேடியத்தில் ஆசிய ஓசியானிய 24 மணி நேர ஓட்டம் நடந்தது. அமர் சிங் தேவந்தா 257.618 கி.மீ. ஓடித் தங்கம் வென்றார். 400 மீட்டர் தடத்தில் அது 640 சுற்றுகளுக்கு மேல்! அங்கே உப்பை மறந்தால் அடுத்த சுற்றில் நீட்டலாம். மலையில் மறந்தால் அடுத்த சந்திப்புவரை அவர் தவிக்க வேண்டியதுதான். எந்த இடத்துக்கு என்ன என்று முதல் நாளே தனித்தனிப் பையில் போட்டு, மேலே பெயர் எழுதிவிடுங்கள். டார்ச்சுக்கு மாற்று பேட்டரியும் இருக்கட்டும்.

கே: பார்க்கும்போதெல்லாம் "தண்ணீர் குடி" என்று சொல்லலாமா? – பிரேசர் டவுன் வாசகி

ப: கூடாது. வெறும் தண்ணீர் அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறையும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு அப்படிக் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடிக்கட்டும். கூடவே உப்புப் போட்ட உருளைக்கிழங்கு, வாழைப்பழம், தயிர்சாதம் என்று பயிற்சியின்போது ஒத்துக்கொண்டதையே கொடுங்கள். வலி மாத்திரையை நீங்களாக நீட்டாதீர்கள். இபுப்ரோஃபென் போன்றவை நெடுந்தூர ஓட்டத்தில் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

கே: நண்பன் நடுவழியில் "இனி முடியாது" என்று உட்கார்ந்துவிட்டால்? – வில்சன் கார்டன் வாசகர்

ப: "விட்டுடலாமா?" என்று கேட்காதீர்கள். போர்வையைப் போர்த்தி, சூடாக ஏதாவது கொடுத்து, பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். பாதி "முடியாது" பசியின் குரல். ஆனால் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, நெஞ்சு வலித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ ஓட்டம் அங்கேயே முடிந்தது. உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். எந்த நிலையில் நிறுத்துவது என்பதை முந்தின நாளே இருவரும் பேசி வையுங்கள். அந்த நேரத்தில் அவர் கெஞ்சினாலும் நீங்கள் இளகக் கூடாது. அவரைப் பிறகும் மலையில் பார்க்க வேண்டும் அல்லவா?

கே: பெங்களூரிலேயே ஒத்திகை பார்க்க முடியுமா? – இந்திரா நகர் வாசகர்

ப: 1,478 மீட்டர் உயர நந்தி மலை இருக்கிறதே! அவர் ஏறி இறங்கட்டும். நீங்கள் அடிவாரத்தில் பையோடு நில்லுங்கள். இறக்கத்தில்தான் தொடைத் தசை அதிகம் அடிபடும், அதனால் இறங்கி வந்தபின் எப்படி நடக்கிறார் என்று கவனியுங்கள். எதைக் கேட்டார், எதைத் தொடவே இல்லை என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: ஓடி முடித்ததும் என் வேலை முடிந்ததா? – கோரமங்களா வாசகி

ப: இல்லை, பாதியில் இருக்கிறது. சிக்கமகளூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 250 கி.மீ. ஓடியவர் கார் ஓட்டக் கூடாது. விடிய விடிய விழித்திருந்த நீங்களும் ஓட்டக் கூடாது. அங்கேயே அன்றிரவு தங்க அறையை இப்போதே பிடித்துவிடுங்கள்.