ஹைதராபாத் ஹவுஸில் அணுமின் ஒப்பந்தம் போடுவது எப்படி?

டெல்லிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே 'தூய எரிசக்தி: அணுமின்சாரத்தில் சர்வதேச ஒத்துழைப்பு' என்ற கோப்பு உங்கள் மேசையில் வந்து விழுந்துவிட்டதா? பதறாதீர்கள். அணு உலையைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் எல்லாம் மும்பையில் இருக்கிறார்கள். டெல்லியில் நாம் உற்பத்தி செய்வது ஒப்பந்தம்.

அதற்கான கூடம், இந்தியா கேட் பக்கத்து ஹைதராபாத் ஹவுஸ். நிஜாமுக்காக லுட்யன்ஸ் வடிவமைத்த மாளிகை. ஒலிபெருக்கியில் ஒப்பந்தத்தின் பெயரை வாசிப்பார்கள். இரு நாட்டு அதிகாரிகளும் வந்து தோல் உறை போட்ட கோப்புகளை மாற்றிக்கொண்டு, கைகுலுக்கி, கேமராவைப் பார்த்து நிற்பார்கள். பின்னால் தலைவர்கள் கைதட்டுவார்கள். கோப்பைத் தலைகீழாகப் பிடிக்காமல் இருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

தேதியில் மட்டும் அலட்சியம் கூடாது. 1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் டெல்லியில் கூடங்குளத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். 1991 முடிவதற்குள் ராஜீவும் இல்லை, சோவியத் யூனியனும் இல்லை. அடுத்த வருடம், தன் அணு நிலையங்கள் அத்தனையையும் சர்வதேசக் கண்காணிப்புக்குத் திறந்துவிடாத நாட்டுக்கு உலை விற்கக் கூடாது என்று அணுப்பொருள் விநியோக நாடுகள் குழு விதி போட்டது. நமக்கு விழுந்த பூட்டுதான். ரஷ்யாவோ, "நாங்கள் 1988-லேயே பேசி முடித்துவிட்டோமே" என்றது. 1998 மே மாதம் பொக்ரானில் குண்டு வெடித்து ஊர் உலகமெல்லாம் முகம் சுளித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த மாதமே துணை ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆகவே எந்தக் காகிதம் கிடைத்தாலும் முதலில் தேதியைப் போட்டு வையுங்கள். கூடங்குளத்தின் முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது 2014 டிசம்பர் 31-இல். கையெழுத்தான அன்று பிறந்த பிள்ளைக்கு அப்போது 26 வயது. கேலி ஒருபுறம் இருக்கட்டும், கடந்த 40 ஆண்டுகளில் புதிதாகக் கட்டிய வெளிநாட்டு உலையால் இந்தியாவில் பல்பு எரிந்தது என்றால் அது அங்கே மட்டும்தான்.

அமெரிக்காவோடு என்றால் கொஞ்சம் நிதானம். 1963 ஒப்பந்தப்படி தாராப்பூரில் உலையும் தந்து எரிபொருளும் தருவதாகச் சொன்னவர்கள், 1974 பொக்ரான் அணுச் சோதனைக்குப் பிறகு கைவிரித்தார்கள். பிரான்ஸ், சீனா, ரஷ்யா என்று வாசல் வாசலாக ஏறி இறங்கித்தான் அந்த உலைகளை ஓட்டினோம். 2005-இல் மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் மறுபடி ஆரம்பித்தார்கள். இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். 2008 ஜூலை 22 அன்று மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஓட்டுக்கு லஞ்சம் என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நோட்டுக்கட்டுகளை எடுத்துக் காட்டினார்கள், அரசு 275-க்கு 256 என்று பிழைத்தது. செப்டம்பரில் வியன்னாவில் அந்த விநியோக நாடுகள் குழுவின் விலக்கு, அக்டோபரில் வாஷிங்டனில் கையெழுத்து. இன்றுவரை அதன் பெயரில் ஓர் அமெரிக்க உலைகூட இங்கே எழும்பவில்லை. நியாயமாகச் சொன்னால் ஒரு லாபம் உண்டு. யுரேனியம் இல்லாமல் பாதி வேகத்தில் ஓடிய நம் சொந்த உலைகளுக்கு, அந்த விலக்கினால் கஜகஸ்தானிலிருந்தும் கனடாவிலிருந்தும் எரிபொருள் வந்தது. இந்த நல்ல செய்தியைக் கோப்பின் முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். கைகுலுக்க ஆள் இல்லாத செய்திக்குப் புகைப்படம் கிடைக்காது.

பிரெஞ்சுக்காரர்களோடு கவலையே வேண்டாம். ஜைதாபூரில் ஆறு உலை, ஆரம்பக் கணக்கில் 9,900 மெகாவாட். 2010 டிசம்பரில் சர்கோசி வந்து நிச்சயதார்த்தம் ஆனது. முகூர்த்தம் இன்னும் குறிக்கவில்லை. நடுவில் உலையை விற்க வந்த அரேவா நிறுவனமே சிதறி, உலைத் தொழில் பிரெஞ்சு மின் நிறுவனமான இ.டி.எஃப். கைக்குப் போய்விட்டது.

"விபத்து நடந்தால் யார் பணம் கட்டுவது?" என்று யாராவது கேட்பார்கள். போபால் விஷவாயு விபத்தை நினைவில் வைத்து 2010-இல் ஒரு சட்டம் செய்தோம். உலையை விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம் என்றது அதன் 17-ஆவது பிரிவு. விற்பவர்கள் தெறித்து ஓடினார்கள். 2015-இல் ஒபாமா வந்தபோது சிக்கல் தீர்ந்தது என்று அறிவித்து, 1,500 கோடி ரூபாயில் காப்பீட்டுத் தொகுப்பும் அமைத்தோம். புதிதாக யாரும் வரவில்லை. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு, தனியாருக்கும் கதவைத் திறந்து, புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் சாந்தி. யாருக்கு என்று அதில் தேடாதீர்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, கடலோரம் என்று எழுதிவிடுங்கள். பெரிய உலையைக் குளிர்விக்க ஏராளமான தண்ணீர் வேண்டும் என்பது உண்மை. யமுனை இருக்கிற இருப்பில் அதை நம்பி யார் உலை வைப்பார்கள்? கூடங்குளம், ஜைதாபூர், ஆந்திரத்து கொவ்வாடா எதுவும் டெல்லியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பது கூடுதல் வசதி. 2011-இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்தைப் பார்த்துவிட்டு, கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரைத் தேவாலயத்தின் முன் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் அணு இயற்பியல் கேட்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் எந்த வழியாக ஊரைவிட்டுப் போவது, எரிந்து முடிந்த எரிபொருள் எங்கே போகும் என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு 1988-இல் நம்மிடம் பதில் இருந்தது: சோவியத் யூனியனே திரும்ப எடுத்துக்கொள்ளும். பிற்பாடு பேசியதில் அது நம்மிடமே தங்கும் என்று மாறிவிட்டது. இப்படிக் கேட்பவர்களுக்கு உடனடியாகப் பதில் எழுத முடியாமல் போகலாம். அப்போது ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டுச் சமாளித்தார்கள். நீங்கள் வேறு ஏதாவது யோசியுங்கள்.

பன்னாட்டு மேடை என்றால் எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 2023 செப்டம்பரில் டெல்லி ஜி-20 பிரகடனத்தில், அணுமின்சாரத்தை விரும்பும் நாடுகள் தங்களுக்குள் ஒத்துழைக்கும் என்று வந்தது. எண் இல்லை, ஆகவே பிரச்சினையும் இல்லை. மூன்றே மாதத்தில் துபாய் காலநிலை மாநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் 2050-க்குள் அணுமின்சாரத்தை மும்மடங்காக்குவோம் என்றபோது இந்தியா சேரவில்லை. பிறர் சொல்லும் எண்ணுக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்? சொந்தமாகவே நாம் நிறையச் சொல்லியிருக்கிறோம். 2000-க்குள் 10,000 மெகாவாட் என்றோம். 2020-க்குள் 20,000 என்றோம். 2020 வந்தபோது இருந்தது 6,780. 2032-க்குள் 63,000 என்றும் ஒரு காலத்தில் பேசினோம். 2025 பட்ஜெட்டில் சொன்னது 2047-க்குள் ஒரு லட்சம்.

2047-இல் உங்களுக்கு என்ன வயதாகும் என்று கணக்குப் பாருங்கள். பணி ஓய்வு பெற்றிருப்பீர்கள் என்றால் தாராளமாகக் குறிப்பு எழுதி மேலே அனுப்பலாம். அப்போதும் பணியில் இருப்பீர்கள் என்றால், கோப்பை நிதி அமைச்சகத்தின் கருத்துக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள்.