புரோகிராம் சித்தப்பா

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்களில் கோடை லீவு விட்டதும் தலைதூக்கும் ஒருவகை மனிதர் புரோகிராம் சித்தப்பா. சில வீடுகளில் அவர் பெரியப்பாவாக இருப்பார், சில வீடுகளில் தாய்மாமனாக இருப்பார். முறை மாறினாலும் குணம் மாறாது. வருஷத்தில் பதினோரு மாதம் ரேஷன் கடை, கரண்ட் பில், கல்யாண வீட்டு மொய் என்று அடக்கமாகக் காலம் தள்ளுகிறவர், சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கியதும் வேறு ஆளாகிவிடுவார். வந்தவர்களுக்கு ஒரே நாளில் சரித்திரத்தையும் சமுத்திரத்தையும் காட்டிவிட வேண்டும் என்பதே அவருடைய லட்சியம்.

இந்த ஆசைக்கு மாவட்டமே இடம் கொடுக்கிறது. 1974இல் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட புதுக்கோட்டைக்கு ஒரு பக்கம் தொண்டைமான்களின் பழைய சமஸ்தானம், மறுபக்கம் பாக் நீரிணைக் கரை. நகரத்தின் அமைப்பும் அவருக்குத் துணை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலேய ரெசிடெண்ட் பிளாக்பர்ன் காலத்தில், வீதிகளை நூல் பிடித்தாற்போல் வகுத்து ஊரைத் திருத்தி அமைத்தார்கள். கீழ இரண்டாம் வீதிக்கு அடுத்தது கீழ மூன்றாம் வீதி, குழப்பத்துக்கே வழியில்லை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு, உலகத்தையே இப்படி வரிசைப்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கை வருவது இயற்கை.

அவருடைய கருவிகள் மூன்று: பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பின்பக்கம், ஒரு ஸ்கேல், ஒரு சிவப்பு மைப் பேனா. முதல் கட்டத்தில் இடம், இரண்டாவதில் கிலோமீட்டர், மூன்றாவதில் நேரம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்று வகுத்து விடையை எழுதுவார். ரயில்வே கேட்டும், ஆட்டு மந்தையும், வாந்தி எடுக்கும் பிள்ளையும் இந்தக் கணக்கில் வருவதில்லை. அட்டவணை தயாரானதும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவார். பதினான்கு பேர் கும்பிடு பொம்மையைப் பதிலாக அனுப்புவார்கள். ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். படிக்கிற ஒரே ஆள் அண்ணன் மகள். "சித்தப்பா, டீக்கு ஏழு நிமிஷம்னு போட்டிருக்கீங்களே, குடிக்கவா, பாத்துட்டு வரவா?" என்று அவள் கேட்பதற்கு இதுவரை பதில் வந்ததில்லை.

அட்டவணையின் முற்பகல் முழுவதும் சரித்திரம். சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் என்று நான்கையும் மதியத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒவ்வொன்றும் நகரத்திலிருந்து பதினாறு முதல் இருபது கிலோமீட்டருக்குள்தான். காகிதத்தில் பார்த்தால் நியாயமாகவே தெரியும். ஆனால் சித்தன்னவாசல் வடமேற்கே, நார்த்தாமலை வடக்கே, குடுமியான்மலை மேற்கே, திருமயம் தெற்கே. வேன் டிரைவருக்கு இது முதல் நாளே தெரியும். "பாத்துக்கலாண்ணே" என்று மட்டும் சொல்வார். நடக்காது என்பதை மரியாதையாகச் சொல்ல டிரைவர்களிடம் உள்ள ஒரே வாக்கியம் அது.

புறப்பாடு ஆறு மணி என்று எழுதியிருந்தால் எட்டரைக்கு வேன் நகரும். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் குகையின் சமணர் படுக்கைகளையும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கல்வெட்டையும் காட்ட அவர் கூட்டத்தை மேலே ஏற்றுவார். கல்லில் வழவழவென்று படுக்கை செதுக்கியிருப்பதைக் கண்டதும் பிள்ளைகள் படுத்துப் பார்க்க அனுமதி கேட்கும். அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறது. அதில் பூப்பறிக்கும் மனிதர்களும் யானையும் அன்னமும் மீனும் உண்டு. அண்ணாந்து பார்த்து எல்லோரும் மெய்மறக்கும் அந்த நேரத்தில் "டைம் ஆச்சு" என்று குரல் கொடுப்பவர், காட்ட அழைத்து வந்த அதே சித்தப்பா.

இரண்டு இடங்களை அடித்துத் திருத்திய பிறகு திருமயத்தை உச்சிவேளையில் அடைவார்கள். 1687இல் கிழவன் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை அது. தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர். இரண்டையும் சித்தப்பா பிசகில்லாமல் சொல்வார். ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பாறையில் ஏறுகிறவருக்குச் சேதுபதியும் நினைவில் நிற்பதில்லை, சத்தியமூர்த்தியும் நிற்பதில்லை. கீழே விட்டு வந்த தண்ணீர் கேன் ஒன்றுதான் நிற்கும். உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் எடுக்கும் குடும்பப் படத்தில் எல்லோரும் ஒற்றைக்காலில் நிற்பதற்குக் காரணம் சூடு.

மூடியிருக்கும் கதவுகளைத் தேடிப் போவதில் அவருக்குத் தனித் திறமை உண்டு. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910இல் தொடங்கப்பட்டது. நாணயம், செப்புத் திருமேனி, பாடம் செய்த விலங்கு என்று வெயிலுக்கு ஒதுங்கி நிதானமாகப் பார்க்க அங்கே நிறைய உண்டு. அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அட்டவணையில் அது வெள்ளிக்கிழமைதான் வரும். ஆவுடையார்கோயிலின் கல் கொடுங்கைகளைப் பார்க்காமல் போனால் பிறவிப் பயனே இல்லை என்பார். நடை சாத்திய அரைமணி நேரத்தில் அங்கே போய் இறங்குவார். மாணிக்கவாசகரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தத் தலத்தில் ஆத்மநாதருக்கு லிங்க வடிவம் இல்லை, ஆவுடையார் மட்டுமே என்ற செய்தியைப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று விளக்குவார். மதில் நிழலில் அதற்குள் சித்தி புளியோதரையைப் பிரித்திருப்பார். அன்றைய நிகழ்ச்சிகளில் குறித்த நேரத்தில் நடப்பது இது ஒன்றுதான். அட்டவணையில் இல்லாததும் இதுதான்.

பிற்பகல் சமுத்திரம். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாக மணமேல்குடி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். "மாலை: கடலில் சூரிய அஸ்தமனம்" என்று சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டிருப்பார். கிழக்கு பார்த்த கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். மறைவதோ முதுகுப் பக்கம், சவுக்கு மரங்களுக்குப் பின்னால். அலை எங்கே என்று சென்னைப் பிள்ளைகள் கேட்கும். பாக் நீரிணை ஆழமில்லாதது, மெரினாவைப் போல அடிக்காது. சின்னப் பிள்ளைகள் கால் நனைக்க அதுவே வசதி என்று சொல்லியிருக்கலாம். சித்தப்பாவோ அலை வராததற்குத் தானே பொறுப்பு என்பதுபோல் கடலையே முறைத்துக்கொண்டு நிற்பார்.

அடுத்த கட்டம் "இரவு: ஃபிரெஷ் மீன் சாப்பாடு". கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். நாட்டுப் படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனும் விடியற்காலை ஏலத்திலேயே போய்விடும். கடைசியில் அறந்தாங்கியில் ஒரு கடையில் பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். அன்று குடும்பம் கண்ட மீன்களெல்லாம் சித்தன்னவாசல் விதானத்தில் தீட்டிய மீன்கள்தாம்.

இத்தனைக்கும் சரியான வழியை அப்பத்தா முதல் நாளே சொல்லியிருப்பார்: "ஏப்பா, வெயில் ஏறுமுன்னே மலை, வெயில் தாழக் கடல்." சித்தப்பா கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடுகிறவர், அப்பத்தா வெயிலை வைத்துப் போடுகிறவர். காலையில் சித்தன்னவாசல் ஒன்றே போதும். உச்சிவேளைக்கு அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை நீங்கலாக. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, நடை திறக்கும் நேரத்துக்கு ஆவுடையார்கோயில். அங்கிருந்து மணமேல்குடி. பௌர்ணமியாகப் பார்த்துப் போனால் அஸ்தமனம் இல்லாத குறை தெரியாது. நிலா கடலிலிருந்துதான் எழும். இன்னொரு நாள் கையில் இருந்தால் காலையில் திருமயம், அல்லது மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி.

இவ்வளவையும் வைத்துப் புரோகிராம் சித்தப்பாவைக் கேலி செய்வது எளிது. எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். ஆனால் வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் அவர், டிரைவருக்குப் பேட்டா கொடுத்தவர் அவர், பதினான்கு பேரை உலுக்கி எழுப்பியவரும் அவர்தான். வழி தெரிந்த அப்பத்தா எல்லா வீட்டிலும் உண்டு. வண்டி பிடிக்கிற ஆள்தான் குறைவு. ஆகவே குடும்பங்கள் அவருடைய அட்டவணையை நம்ப வேண்டாம். அவரை மட்டும் விட்டுவிட வேண்டாம்.