முற்றத்துக் குளம்: கேள்வியும் பதிலும்

பலா மரத்தடியில் சிமெந்துத் தொட்டி கட்டித் தாமரை நட்டேன். இலை வருகிறது, பூ மட்டும் வரவே இல்லை. (வாசகி, கட்டுகஸ்தோட்டை)

பலாவை வெட்டிவிடாதீர்கள்! தாமரைக்கும் அல்லிக்கும் நாளொன்றுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். தாமரையை வெயில்பட்ட இடத்துக்கு மாற்றிவிட்டு, நிழல் தொட்டியில் கிரிப்டோகோரைன் வையுங்கள். சிங்களத்தில் அதி உடயன் என்பார்கள். அதில் பல வகைகள் இலங்கைக்கே உரியவை, நம் மலைநாட்டு ஓடைகளின் நிழலிலேயே வளர்பவை. வெளிநாட்டார் மீன்தொட்டிக்காகக் காசு கொடுத்து வாங்கும் செடியை நாம் திரும்பிப் பார்ப்பதில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஓடையில் பிடுங்க வேண்டாம், நாற்று வளர்ப்பவரிடம் வாங்குங்கள்.

நல்ல கொம்போஸ்ட் போட்டுத்தான் அல்லி நட்டேன். தண்ணீர் கறுத்து நாறுகிறது. (வாசகர், கம்பளை)

கத்தரிக்கு நல்லது அல்லிக்கு ஆகாது. கொம்போஸ்ட் தண்ணீருக்குள் அழுகும். கறுப்பும் நாற்றமும் அதனால்தான். வயல் களிமண் போதும். அகன்ற சாடியில் முக்கால் பங்கு களிமண் நிரப்பிக் கிழங்கைச் சாய்வாக வையுங்கள். குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மண் கலங்காமலிருக்க மேலே ஆற்றுமணலைப் பரப்புங்கள். முதலில் குருத்துக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றால் போதும். இலை நீள நீளச் சாடியை ஆழத்துக்கு இறக்குங்கள். உரம் போடுவதென்றால் சிறிதளவைக் கடதாசியில் பொதிந்து, வேருக்கருகே களிமண்ணுக்குள் அழுத்துங்கள். தண்ணீரில் தூவினால் பாசிக்குத்தான் விருந்து.

தாமரை விதையை ஒரு மாதமாக ஊறவைத்திருக்கிறேன். அசைவே இல்லை. (மாணவர், பேராதனை)

ஓடு அவ்வளவு கெட்டி. ஒரு பக்கத்தை அரத்தால் ராவுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்துக்குள் முளை வரும். சீனாவில் வறண்ட ஏரிப் படுகையில் கிடந்த, ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழைய தாமரை விதை முளைத்திருக்கிறது. உங்கள் விதைக்கு ஒரு மாதம் பெரிதல்ல.

தலதா மாளிகைக்குப் பூசைக்குக் கொண்டுபோகும் நீலப் பூவையே வீட்டில் வளர்க்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது? (வாசகி, கண்டி)

நல்ல ஆசை, ஆனால் கண்ணைத் திறந்து வாங்குங்கள். நில் மானெல், அதாவது நம் நீலோற்பலம், 1986இல் நாட்டின் தேசிய மலரானது. அதன் பெயரில் விற்கப்படுவதில் பெரும்பங்கு வேறொரு செடி. பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் இதைச் சுட்டிக்காட்டும்வரை தேசிய மலரின் படங்களில்கூட அந்த வந்தேறியே இடம்பிடித்திருந்தது. நாட்டுப் பூ வெளிர் நீலம், இதழ்கள் குறைவு. கடும் ஊதாவாக, இதழ்கள் நெருக்கமாக இருந்தால் அது மற்றையது. பகட்டில் அதுதான் வெல்லும். நான் வெளிர் நீலத்தின் பக்கம்.

பேராதனைப் பூங்காவின் இராட்சத அல்லியை வீட்டில் வளர்க்கலாமா? (சிறுமி, கடுகண்ணாவை)

ஓர் இலையே 2 மீற்றருக்கு மேல் விரியும், கண்ணே. அம்மாவிடம் வீட்டை விட்டுத்தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்!

ஊதாப் பூப் பூக்கும் ஆகாயத்தாமரையை நண்பர் இலவசமாகத் தருகிறார். மண்ணும் வேண்டாம், சாடியும் வேண்டாம். வாங்கலாமா? (வாசகர், அக்குறணை)

வேண்டவே வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகத்தான் இது இலங்கைக்குள் வந்தது. 1909இலேயே இதை ஒழிக்கத் தனிக் கட்டளைச் சட்டம் போட வேண்டியதாயிற்று. நூறாண்டு தாண்டியும் குளங்களை மூடிக்கொண்டுதான் இருக்கிறது. சல்வீனியாவும் அப்படித்தான்: 1939இல் வந்தது, அதைத் தின்னும் வண்டை 1980களில் தருவித்து விடவேண்டியிருந்தது.

உங்கள் வளவுக்குள்தானே என்று நினைக்காதீர்கள். அக்குறணையில் ஒரு மழை பெய்தால் பிங்கா ஓயா என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது மகாவலியில் சேருகிறது. கண்டி வாவியின் மிகை நீரும் மெத எல வழியாக அங்கேதான் போகிறது. 1976 முதல் பொல்கொல்லை அணைக்கட்டு அந்த நீரைச் சுரங்கவழியே உக்குவளைக்கும், அங்கிருந்து வறண்ட வலயத்துக்கும் திருப்புகிறது. உங்கள் தொட்டியிலிருந்து தப்பிய ஒரு செடிக்குக் கலாவெவ வரை பாதை திறந்திருக்கிறது. அங்கே ஒரு விவசாயியின் வாய்க்கால் அடைபடும். நண்பரின் செடியை வெயிலில் காயவைத்துக் குழியில் போடச் சொல்லுங்கள்.

குளம் வைத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடுவாரா? (வாசகர், தென்னக்கும்புர)

நுளம்பு பெருக இடம்கொடுத்தால், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி போடலாம். நாலைந்து கப்பி மீன் இருந்தால் குளத்தில் குடம்பி மிஞ்சாது. ஓடையில் மட்டும் அவற்றை விடாதீர்கள். நான் அஞ்சுவது குளத்துக்கல்ல, வீட்டுக்குப் பின்னால் நீங்கள் மறந்துபோன வெற்றுச் சாடிகளுக்கும் சிரட்டைகளுக்கும். இன்றே கவிழ்த்து வையுங்கள்.

புதுக்குளம் பச்சையாகிவிட்டது. தினமும் தண்ணீரை மாற்றுகிறேன். (வாசகி, மடவளை)

மாற்றுவதை நிறுத்துங்கள். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடியதும் பச்சை தானாகத் தெளியும்.

வேலை முடிந்து வீடு வர ஆறரை ஆகிறது. அதற்குள் அல்லி மூடிக்கொள்கிறது. வார இறுதியில்தான் பூவையே பார்க்கிறேன். (வாசகி, பிலிமத்தலாவை)

பகலில் பூக்கும் இனத்தை வைத்திருக்கிறீர்கள். சிங்களவர் ஓலு என்னும் நாட்டு அல்லியைத் தேடுங்கள். இலையின் அடிப்புறம் மெல்லிய மயிர் இருக்கும், பூ வெள்ளையாகவோ செம்மையாகவோ வரும். இருட்டியபின் விரிந்து மறுநாள் காலையில்தான் மூடும். நீங்கள் தேநீர்க் கோப்பையோடு முற்றத்துக்கு வரும் நேரத்தில் அது விழித்துக்கொண்டிருக்கும்.