அடுத்த மாடல்காரர்

அடுத்த மாடல்காரர் என்பவர், கடையில் இருக்கிற கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் பேசாமல், கடைக்கு இன்னும் வராத கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருப்பவர். அதன் சிப்பில் எத்தனை கோர், பெட்டி எத்தனை அங்குலம், எந்த மாதம் எந்தக் கிழமை அறிவிப்பு என்பதையெல்லாம், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்துவிட்டு வந்தவர்போலச் சொல்வார். எல்லா நிறுவனங்களையும் சுற்றி இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனாலும் ஆப்பிளின் மேக் வாசலில்தான் கூட்டம் அதிகம். இன்டெல் தன் அடுத்த சிப் எது, அதற்கடுத்தது எது என்று தானே வரிசையாகச் சொல்லிவிடும். ஆப்பிள் மூச்சு விடாது. திரை போட்ட வீட்டைப் பற்றித்தான் தெருவில் பேச்சு அதிகம்.

முன்கூட்டியே வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கம்ப்யூட்டர் தொழிலில் ஒரு கதை வழங்குகிறது. அதன் ஒரு முனை திருவண்ணாமலையில் இருக்கிறது. ரமண மகரிஷியின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதிய ஆர்தர் ஆஸ்போர்னின் மகன் ஆடம் ஆஸ்போர்ன். சிறுவயதில் அருணாசல மலையடியில் வளர்ந்தவர், பிறகு அமெரிக்கா போய் 1981-இல் ஆஸ்போர்ன் 1 என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். விலை 1,795 டாலர். கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விளம்பரம். எடை ஏறக்குறைய 11 கிலோ. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 1983-இல் அடுத்த மாடல் தயாராகும் முன்பே அதைப் பற்றிப் பேசிவிட்டார். கடைக்காரர்கள் பழைய மாடலுக்கான ஆர்டரை நிறுத்தினார்கள், புதியது வரத் தாமதமானது, அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. போட்டி, நிர்வாகக் குளறுபடி என்று வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. ஆனாலும் ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. மௌனத்தாலேயே உபதேசம் செய்தவரின் ஊரில் வளர்ந்த பிள்ளை, பேசியதால் கடையை மூட நேர்ந்தது. ஆடம் 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

ஆகவே நிறுவனம் பேசாது. அந்தப் பேச்சையும் சேர்த்து அடுத்த மாடல்காரர் பேசுவார். சாதாரண ஆண்டுகளில் இவருக்குத் தீனி குறைவு. ரேம் கொஞ்சம் கூடும், நிறம் மாறும், அவ்வளவுதான். இவருக்குத் திருவிழா சிப் மாறும் காலம். 1984-இல் வந்த முதல் மேக்கில் இருந்தது மோட்டோரோலாவின் 68000. 1994-இல் ஐபிஎம், மோட்டோரோலா இரண்டோடும் கூட்டுச் சேர்ந்து செய்த பவர்பிசிக்கு ஆப்பிள் மாறியது. 2006-இல் இன்டெல். 2020-இல் தன் சொந்த சிப். ஒரு சிப்புக்கு எழுதிய மென்பொருள் இன்னொன்றில் அப்படியே ஓடாது. பழையதை ஓட்டுவதற்கு ஆப்பிள் ஒவ்வொரு தடவையும் ஓர் இடைத்தரகரை வைத்தது. சில ஆண்டுகள் கழித்து அவரை வேலையைவிட்டு நிறுத்துவதும் வழக்கம். எனவே தப்பான மாதத்தில் வாங்கியவர், பணம் கொடுத்துப் பழைய தலைமுறையில் போய் உட்கார்ந்துகொள்வார். இன்டெல் சிப்போடு கூடிய மேக் ப்ரோ 2019 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 5,999 டாலர். அடியில் சக்கரம் வேண்டுமென்றால் இன்னொரு 400 டாலர். ஆறு மாதம் கழித்து, 2020 ஜூன் 22 அன்று, இன்டெல்லை விட்டு விலகுவதாக ஆப்பிள் அறிவித்தது. சக்கரத்தோடு வாங்கியவர்களைப் பற்றி அடுத்த மாடல்காரர் பேசும்போது குரலில் துக்கம் இருக்கும், முகத்தில் இருக்காது.

இவருடைய பஞ்சாங்கம் பல அங்கங்கள் கொண்டது. முதலாவது, டெலிவரி தேதி. ஆப்பிள் கடையில் ஒரு குறிப்பிட்ட மாடலை ஆர்டர் செய்தால் நாளைக்கே வரும் என்று இருந்தது, மூன்று வாரமாகும் என்று மாறினால், மற்றவர்களுக்கு அது சரக்குத் தட்டுப்பாடு. இவருக்கு அது பழைய மாடலின் மரணப் படுக்கை. இரண்டாவது, அரசாங்கத் தாள். மறையாக்க வசதியுள்ள கருவிகளை ரஷ்யா, கஜகஸ்தான் முதலிய நாடுகளில் விற்பதற்கு முன் யூரேசியப் பொருளாதார ஆணையத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவில் மாடலின் பெயருக்குப் பதிலாக ‘ஏ’ என்ற எழுத்தும் நான்கு இலக்கங்களும்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு இவர் ஒரு முழுக் கம்ப்யூட்டரையே கட்டிவிடுவார். கலிஃபோர்னியாவில் நடக்கப் போவதை அறிய கஜகஸ்தான் பக்கம் பார்ப்பது இந்த ஒரு துறையில்தான்.

மூன்றாவது, அழைப்பிதழ். 2022 மார்ச் நிகழ்ச்சிக்கு ‘பீக் பெர்ஃபார்மன்ஸ்’ என்று அழைப்பு வந்தது. உச்சம் என்ற பொருள் தரும் சொல்லைப் போடவேண்டிய இடத்தில், எட்டிப்பார்த்தல் என்ற பொருள்படும் சொல்லை வேண்டுமென்றே போட்டிருந்தார்கள். ஒரேமாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவே எழுதப்பட்ட உரைகளைத் தொகுத்தால் ஒரு நிகண்டு தேறும். 2023 அக்டோபர் அழைப்பில் ஆப்பிள் முத்திரை மெல்ல உருமாறி, மேக் திரையில் சிரிக்கும் அந்த நீல முகமாக ஆனது. இது குழந்தைக்கும் புரியும் என்பதால் அடுத்த மாடல்காரர்களில் பலருக்கு அதில் திருப்தியில்லை. நிழலின் கோணத்தை ஆராயத் தொடங்கினார்கள்.

நான்காவதுதான் சாஸ்திரத்தின் சிகரம்: சிப்பின் ரேகை பார்த்தல். 2021 அக்டோபரில் எம்1 மேக்ஸ் சிப் வந்தபோது அதன் உட்புறப் படத்தை ஆப்பிளே வெளியிட்டது. பின்பு உண்மையான சிப்பைப் பிரித்துப் படமெடுத்துப் பார்த்தவர்கள், ஆப்பிளின் படத்தில் ஒரு விளிம்பு காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். அந்த விளிம்பு எதற்கு? இன்னொரு சிப்போடு ஒட்டுவதற்கு என்றார்கள். 2022 மார்ச்சில் இரண்டு எம்1 மேக்ஸை விளிம்போடு விளிம்பு சேர்த்து, 11,400 கோடி டிரான்சிஸ்டர் கொண்ட எம்1 அல்ட்ரா என்று ஆப்பிள் அறிமுகப்படுத்தியது. சொன்னது பலித்தது. இதற்காக இவர்களுக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். வெட்டிய போட்டோவில் வெட்டப்பட்ட ஆளை அடையாளம் சொல்வது சின்ன வேலையல்ல. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இரண்டு ஒட்டுமென்றால் நான்கு ஒட்டாதா? 40 கோர் கொண்ட ஒரு சிப் தயாராகிறது, ஆப்பிளுக்குள் அதன் பெயர் ஜேட் 4சி என்று 2021-லேயே செய்தி வந்திருந்தது. அதன் வேகம், சூடு, விலை எல்லாம் கணக்கிடப்பட்டுவிட்டன. சிப் மட்டும் வரவில்லை.

வராத மாடல்கள்மீது இவருக்குள்ள பாசம் தனி. 2003 ஜூனில், ஜி5 என்ற பவர்பிசி சிப் கொண்ட பவர் மேக் ஜி5-ஐ அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், பன்னிரண்டு மாதத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் வேகம் தருவோம் என்று மேடையில் சொன்னார். பன்னிரண்டு மாதம் கழித்து வந்தது 2.5, அதற்கே உள்ளே குழாய் வைத்துத் திரவம் ஓட்டிக் குளிர்விக்க வேண்டியிருந்தது. மூன்றை அது கடைசிவரை தொடவில்லை. அதே ஜி5 மடிக்கணினிக்குள் வரும் என்று காத்திருந்தவர்கள், அறிவிப்பு அடுத்த செவ்வாய்க்கிழமை, அடுத்த செவ்வாய்க்கிழமை என்று சொல்லியே இரண்டு ஆண்டுகளைக் கடத்தினார்கள். 2005 ஜூன் 6 அன்று ஜாப்ஸ் இன்டெல்லுக்கு மாறுவதாக அறிவித்தார். முந்தைய ஐந்து ஆண்டுகளாக மேக் இயங்குதளத்தின் ஒவ்வொரு பதிப்பையும் இன்டெல்லுக்காகவும் ரகசியமாகத் தயாரித்து வந்ததாக ஒப்புக்கொண்டார். அன்று காலையிலிருந்து மேடையில் ஓடிக்கொண்டிருந்ததே இன்டெல் கம்ப்யூட்டர்தான் என்றும் சொன்னார். ஐந்து ஆண்டு ரகசியம் கண்ணெதிரில் மேடையேறி நின்றபோது, ஆரூடம் பார்த்தவர்கள் கூட்டத்திலேயே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு வைப்பதில் இவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. பலித்தால் ‘நான் அன்றைக்கே சொன்னேன்’. பலிக்காவிட்டால் ‘கடைசி நேரத்தில் திட்டத்தை மாற்றிவிட்டார்கள்’. ஆகையால் இவரது பதிவேட்டில் தவறு என்ற பத்தியே கிடையாது. சில சமயம் ஆப்பிளே இவருக்கு உதவி செய்யும். 2022 மார்ச் நிகழ்ச்சியில் ஆப்பிளின் ஜான் டெர்னஸ், சொந்த சிப்புக்கு மாறவேண்டியது இன்னும் மேக் ப்ரோ ஒன்றுதான், அது வேறொரு நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வேறொரு நாள் வருவதற்கு 2023 ஜூன் ஆயிற்று. இரண்டு ஆண்டில் முடியும் என்று ஆப்பிள் சொன்ன மாற்றம் மூன்றாம் ஆண்டில் முடிந்தது. நடுவிலிருந்த பதினைந்து மாதமும் அடுத்த மாடல்காரருக்கு ஓவர்டைம். 27 அங்குல ஐமேக்கின் கதை இன்னும் பரிதாபம். 2022-இல் அது நிறுத்தப்பட்டது. சொந்த சிப்போடு அந்த அளவில் ஐமேக் செய்யும் திட்டமே இல்லை என்று 2023 நவம்பரில் ஆப்பிள் வாய்விட்டே சொன்னது. உடனே இவர் பேனாவை எடுத்தார். ‘27 இல்லை என்றுதானே சொன்னார்கள்? 32 இல்லை என்று சொன்னார்களா?’

அச்சுக் காலத்தில் இந்தத் தொழிலுக்குக் கூலிகூட உண்டு. மேக்வீக் என்ற அமெரிக்க வார இதழில் மேக் த நைஃப் என்ற வதந்திப் பத்தி வந்தது. உள்தகவல் கொடுத்தவருக்குப் பரிசு ஒரு காப்பிக் குவளை. அந்தக் குவளைக்காக வேலையைப் பணயம் வைத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆப்பிள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 499 டாலருக்கு ஒரு குட்டி மேக் வரப்போகிறது என்று முன்கூட்டியே எழுதிய திங்க் சீக்ரெட் என்ற இணையதளத்தின் மீது 2005 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. ஒரே வாரத்தில், அதே விலையில், மேக் மினி வந்தது. பொய் எழுதியவர்கள்மீது வழக்கில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2007-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி திங்க் சீக்ரெட் மூடப்பட்டது.

இவ்வளவும் அறிந்தவர் எந்தக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார் என்று பார்த்தால், பெரும்பாலும் 2012 மேக் மினி. அடியில் கறுப்பு வட்ட மூடி. கட்டைவிரலால் திருகினால் கழன்றுவிடும். உள்ளே ரேம் வைக்க இரண்டு இடம். தானே வாங்கிப் போட்ட 16 ஜிபியை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கவிழ்த்துக் காட்டுவார். இயங்குதளம் 2019-இன் கேட்டலினாவோடு நின்றுவிட்டது. இரண்டு வீடியோ சேர்ந்து ஓடினால் ஃபேன் இரையத் தொடங்கும். அப்போது பேச்சைச் சற்று உரக்க வைத்துக்கொள்வார்.

அவர் அதை மாற்றாததற்குக் காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றும் நியாயமானது. 2014 மாடலில் நான்கு கோர் சிப்பை எடுத்துவிட்டு, ரேமையும் பற்றவைத்துவிட்டார்கள். மானமுள்ளவர் வாங்க மாட்டார். அடுத்தது வர 2018 ஆயிற்று. ஆனால் அந்த ஏப்ரலில்தான், 2020 முதல் மேக்கில் சொந்த சிப் வரும் என்று புளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியிருந்தது. இன்டெல்லின் பங்கு அன்றே சரிந்தது. இவர் மட்டும் வாங்குவாரா? 2020 நவம்பரில் எம்1 மினி வந்தது. முதல் தலைமுறையை யாரும் வாங்கக் கூடாது என்பது இவர்களின் ஆத்திசூடி. 2023 ஜனவரியில் எம்2 மினி, 599 டாலர். எம்3 தயாராகும்போது எம்2 எதற்கு என்று காத்தார். மினிக்கு எம்3 வரவேயில்லை. 2024 அக்டோபரில் எம்4 மினி அறிவிக்கப்பட்டது. பெட்டி 12.7 சென்டிமீட்டர் சதுரமாகச் சுருங்கி, ஆரம்ப மாடலிலேயே 16 ஜிபி ரேமோடு, அதே 599 டாலரில். குறை சொல்ல ஒன்றுமில்லாமல் திகைத்தவர், ஆன் செய்யும் பொத்தான் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் இருப்பதைக் கண்டதும் தெளிந்தார்.

மற்றவர்களுக்கு இவர் சொல்லும் யோசனை ஒன்றே. கல்லூரி சேரும் அக்கா மகன் வந்து, “மாமா, ஒரு மேக் வாங்கலாம்னு இருக்கேன்” என்றால், “இப்பவா? ரெண்டு மாசம் பொறுடா” என்பார். ரெண்டு மாதம் கழித்துக் கேட்டாலும் பதில் அதுவே. பையன் மூன்றாம் வருடம் வந்து, வாங்கியாயிற்று என்று சொல்லும்போது, மாடலைக் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார்.

அறிவிப்பு நாள் இவருக்கு நல்ல நாளல்ல. நிகழ்ச்சிக்கு முன் ஆப்பிள் கடை இணையத்தில் மூடப்பட்டு, ‘சற்று நேரத்தில் வருகிறோம்’ என்ற பலகை தொங்கும். அந்தச் சில மணி நேரம் இவர் வாழ்வின் உச்சம். உள்ளே எந்த மாடலும் இருக்கலாம். நிகழ்ச்சி முடிந்து கடை திறந்ததும், உள்ளே இருப்பது ஒரே ஒரு மாடலாகிவிடுகிறது. அதற்கு விலை இருக்கிறது, எடை இருக்கிறது, பொத்தான் இருக்கிறது. இரண்டு நாள் யாருடனும் சரியாகப் பேச மாட்டார். மூன்றாம் நாள் அடுத்த சிப் எத்தனை நானோமீட்டர் என்ற கேள்வியோடு எழுந்து வருவார்.

எப்போதாவது ஒருமுறை, கேட்டலினாவில் வங்கியின் பக்கம் திறக்க மறுக்கும் நாளில், இவரும் மனம் மாறி கடைக்குள் நுழைவதுண்டு. எம்4 மினி, 24 ஜிபி ரேம், 512 ஜிபி சேமிப்பு. சேமிப்பைக் கூட்டினால் ஆப்பிள் கேட்கிற பணத்தைப் பார்த்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகும் பின்வாங்காமல் கூடையில் போடுவார், முகவரி கொடுப்பார், கார்டு எண்ணின் பதினாறு இலக்கங்களையும் அடிப்பார். கடைசிப் பொத்தானுக்கு மேலே சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். போன வாரம் பார்த்தபோது மூன்று நாளில் வரும் என்றிருந்த டெலிவரி, இப்போது மூன்று வாரம் என்று காட்டும். அதை இரண்டு முறை படிப்பார். பிறகு கூடையை அப்படியே மூடிவிட்டு, அக்கா மகனுக்குப் போன் போடுவார்.